பாஸ் மீனுக்கு எந்த ராடு? முள்ளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கேள்வி இதுதான்: "ஊரில் மூங்கில் கம்பும் தக்கையுமாகக் கெண்டை, கெளுத்தி பிடித்துப் பழக்கம். இப்போது டல்லாஸ் பக்கம் குடிவந்திருக்கிறேன். அபார்ட்மெண்டுக்குப் பின்னால் உள்ள குளத்தில் பாஸ் இருக்கிறது. லேக் ஃபோர்க் ஏரிக்குப் போகவும் ஆசை. கடைக்குப் போனால் சுவர் முழுக்க ராடு. ஒவ்வொரு வகை லூருக்கும் (செயற்கை இரை) தனி ராடு வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? எதை முதலில் வாங்குவது?"

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது போட்டிக்குப் போகிறவர்களின் கணக்கு. படகின் முன்தளத்தில் வெவ்வேறு லூர் கட்டிய ராடுகளை வரிசையாகப் பரப்பி வைத்திருப்பவருக்கு, லூருக்கு ஒன்று என்பது நேரத்தை மிச்சப்படுத்தும் வசதி. குளக்கரையில் நடந்து மீன் பிடிக்கும் உங்களுக்கு அத்தனை தேவையில்லை. லூர்கள் ஆயிரம் இருந்தாலும், அவற்றில் தொங்கும் முள் மூன்றே வகைதான். பருமனான ஒற்றை முள். மூன்று கொக்கி சேர்ந்த ட்ரெபிள் முள். மெல்லிய கம்பியில் செய்த சின்ன முள். ராடின் வேலை அந்த முள்ளை மீனின் வாயில் ஏற்றுவதும், ஏறிய முள் கழன்றுவிடாமல் மீனைக் கரைக்குக் கொண்டுவருவதும்தான். ஆகவே முள் எது என்று பார்த்தால் ராடு எது என்பது பாதி முடிவாகிவிடும். மீதிப் பாதி, லூரின் எடையும் நீங்கள் நிற்கும் இடமும்.

இதைப் புரிந்துகொள்ள முதலில் ராடின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். கடையில் ஏதாவது ஒரு ராடைக் கையில் எடுத்து, கைப்பிடிக்குச் சற்று மேலே பாருங்கள். சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: நீளம் 7 அடி, பவர் மீடியம் ஹெவி, ஆக்‌ஷன் ஃபாஸ்ட், நரம்பு (தூண்டில் நூல்) 12 முதல் 20 பவுண்டு, லூர் கால் முதல் முக்கால் அவுன்ஸ். விலைச்சீட்டில் இருப்பதைவிட முக்கியமான விவரம் இந்த வரியில்தான் இருக்கிறது.

பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. அல்ட்ராலைட், லைட், மீடியம் லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி, எக்ஸ்ட்ரா ஹெவி என்று ஏறிக்கொண்டே போகும். ஆக்‌ஷன் என்பது ராடு எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப் பக்கம் மட்டும் வளைந்து, அதற்குக் கீழே விறைப்பாக நிற்கும். மாடரேட் என்றால் நடுப்பகுதி வரை வில்லாக வளையும். ஸ்லோ என்றால் கிட்டத்தட்ட கைப்பிடி வரை. புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஹெவி ராடு என்றால் விறைப்பு, ஃபாஸ்ட் என்றாலும் விறைப்பு, இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. ஹெவி மாடரேட் ராடு உண்டு, லைட் ஃபாஸ்ட் ராடும் உண்டு. அவை செய்யும் வேலைகளுக்குள் சம்பந்தமே கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பவருக்கு எல்லா நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த பொது அளவு எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் மீடியம் ஹெவி இன்னொரு நிறுவனத்தின் ஹெவிக்குப் பக்கத்தில் நிற்கும். டாபின்ஸ் போன்ற நிறுவனம் எண்ணாகவே எழுதுகிறது: 734 என்றால் 7 அடி 3 அங்குலம், பவர் 4. அதனால் பெயரை மட்டும் நம்பாமல் லூர் எடை வரம்பைப் பாருங்கள். எந்த எடையை வீச அந்தத் தண்டு செய்யப்பட்டதோ, அதுதான் அதன் உண்மையான பவரைக் காட்டிக்கொடுக்கும். நீங்கள் அடிக்கடி வீசப்போகும் லூர் அந்த வரம்பின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் வீச்சும் சரியாக வராது, கடியும் சரியாகத் தெரியாது.

சரி, இப்போது மீனுக்கு வருவோம். டெக்சஸ் குளங்களில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸ். பெயருக்கேற்ற பெரிய வாய். இது இரையைக் கடித்துப் பிடிப்பதைவிட உறிஞ்சி விழுங்குவதுதான் அதிகம். வாயையும் செவுள் மூடிகளையும் ஒரே நொடியில் விரிக்கும். உள்ளே இடம் உண்டானதும் சுற்றியிருக்கும் தண்ணீர் பாய்ந்து போகும், தண்ணீரோடு இரையும் போகும். வாய்க்குள் போனது இரை இல்லை என்று தெரிந்தால் போன வேகத்திலேயே துப்பிவிடும். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் நடுவில் கிடைக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் உங்கள் முள் வேலை செய்ய வேண்டும். எந்த முள்ளுக்கு அந்த இடைவெளியில் என்ன தேவை என்பதில்தான் ராடுகள் பிரிகின்றன.

பருமனான ஒற்றை முள்ளில் தொடங்கலாம். பாஸ் பிடிப்பதில் பாதிக்கு மேல் இதுதான். டெக்சஸ் ரிக் என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள்: நரம்பில் தோட்டா வடிவ எடை, அதன் கீழே 3/0 அல்லது 4/0 அளவு வளைந்த முள், முள்ளில் மென்மையான பிளாஸ்டிக் புழு. முள்ளின் கூர்முனை புழுவின் உடம்புக்குள் புதைந்திருக்கும். அதனால்தான் பாசியிலும் மரக்கிளையிலும் சிக்காமல் வரும். ஆனால் அதே காரணத்தால், மீன் கடித்ததும் அந்த முனை முதலில் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, அப்புறம்தான் மீனின் வாயில் ஏற வேண்டும். கம்பியும் தடிமன். இதற்கு நல்ல பலமாகச் சுண்டி இழுக்க வேண்டும். நுனி மட்டும் வளைந்து உடனே அடித்தண்டின் பலம் முள்ளுக்குப் போய்ச்சேரும் ராடுதான் இங்கே உதவும். 7 அடி அல்லது 7 அடி 3 அங்குலம், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், 15 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு. கால் அவுன்ஸ் முதல் அரை அவுன்ஸ் வரையிலான எடைக்கு இது சரியாக வரும்.

இந்த ராடுக்கு நுனி ஃபாஸ்டாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புழு தரையோடு ஊர்ந்து வரும்போது அது எதன் மேல் ஏறுகிறது என்பது கைக்குத் தெரிய வேண்டும். சரளைக்கல் என்றால் நறநறவென்று வரும். சேறு என்றால் கனமாக, மந்தமாக இருக்கும். மரக்கிளை என்றால் மெதுவாக இறுகி, தாண்டியதும் சட்டென்று தளரும். மீன் எடுத்தால் பல நேரம் ஒரே ஒரு "டக்". அவ்வளவுதான். சில நேரம் அதுகூட இருக்காது, நரம்பு தண்ணீரைத் தொடும் இடம் பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும். நரம்பைச் சுட்டுவிரலின் மேல் ஓடவிட்டுப் பிடித்திருந்தால் அந்த "டக்" விரலில் விழும். மந்தமான ராடில் இது எதுவும் கைக்கு வராது.

ஜிக்குக்கும் இதே ராடு போதும். ஜிக் என்றால் ஈயமோ டங்ஸ்டனோ வார்த்த தலை, அதில் முள், சுற்றிலும் ரப்பர் பாவாடை, முள்ளுக்கு முன்னால் செடி சிக்காமல் தடுக்கும் நார்க்கற்றை. சுண்டும்போது அந்த நார்க்கற்றையையும் மடக்கித் தள்ள வேண்டியிருப்பதால், டெக்சஸ் ரிக்கைவிட ஒரு பிடி கூடுதல் விறைப்பு இருந்தால் நல்லது. அரை அவுன்ஸ் ஜிக்கையே அதிகம் வீசப்போகிறீர்கள் என்றால் 7 அடி 3 அங்குலம் ஹெவி எடுங்கள். கலந்து பயன்படுத்துவதாக இருந்தால் மீடியம் ஹெவியே தாராளம்.

ஒற்றை முள் வகையிலேயே இன்னும் முரட்டு வேலை ஒன்று இருக்கிறது, ஃபிளிப்பிங். இதன் கதை ராடைப் பற்றி நிறையச் சொல்லும். கலிஃபோர்னியாவில் கோரைப் புதர்களுக்குள் ஜிக்கை இறக்கி மீன் பிடிப்பவர்கள் ஒரு காலத்தில் 12 அடிக் கம்பு வைத்திருந்தார்கள். நரம்பைக் கம்பின் நீளத்துக்கே விட்டு, புதருக்குள் இருக்கும் ஓட்டையில் நேராக இறக்கிவிடுவார்கள். டீ தாமஸ் என்பவர் இந்த முறையில் போட்டிகளை வெல்லத் தொடங்கியதும் மற்றவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. ராடின் நீளத்துக்கு வரம்பு வைத்து விதி வந்தது. அவர் முறையை விடவில்லை, கம்பைக் குறுக்கிக்கொண்டார். தண்ணீருக்குச் சற்று மேலே ஜிக்கை ஊசல் போல ஆட்டி, சத்தமே இல்லாமல் இலக்கில் நுழைக்கப் பழகினார். 1975-இல் ஆர்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரியில் நடந்த பாஸ் சங்கப் போட்டியை அப்படித்தான் வென்றார். ஃபென்விக் நிறுவனம் அதையொட்டி ஏழரை அடியில் ஒரு ஃபிளிப்பிங் ராடையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றும் ஃபிளிப்பிங் ராடு என்றால் ஏழரை அடி முதல் 8 அடி வரை, ஹெவி அல்லது எக்ஸ்ட்ரா ஹெவிதான். நீளம் இங்கே தூரம் வீசுவதற்காக இல்லை. ஊசல் ஆட்டுவதற்கும், முள் ஏறிய அடுத்த நொடியில் மீனின் தலையைப் புதரிலிருந்து மேலே திருப்புவதற்கும்தான். ஒரு நொடி தாமதித்தால் அது தண்டுகளைச் சுற்றிக்கொண்டுவிடும். படகு இல்லாதவரை உங்களுக்கு இந்த ராடு அவசரம் இல்லை.

ஆனால் ஃபிராக் ராடு விஷயம் வேறு. உங்கள் குளத்தில் கோடையில் ஓரமெல்லாம் பாசி படர்ந்து மெத்தையாகிவிடும். அதன் மேல் வேறு எந்த லூரும் ஓடாது. உள்ளீடற்ற ரப்பர் தவளை மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். ஊரில் விரால் பிடித்தவர்களைப் பார்த்திருந்தால் இதை விளக்கவே வேண்டாம். ஆகாயத்தாமரைக்கும் அல்லி இலைக்கும் நடுவில் தவளை லூரை இழுத்து, விரால் பாய்ந்ததும் செடியோடு சேர்த்து வாரி இழுப்பார்கள். இன்று நம் ஊரில் விராலுக்கு வாங்கும் தடித்த ராடும், இங்கே பாஸுக்கு வாங்கும் ஃபிராக் ராடும் ஒரே குணம் உள்ளவை. 7 அடி 3 அல்லது 4 அங்குலம், ஹெவி, ஃபாஸ்ட், 50 முதல் 65 பவுண்டு பிரெய்டு (இழைகளைப் பின்னிய நரம்பு). எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் வேண்டாம் என்பேன். தவளையை இடமும் வலமும் தலையாட்ட வைக்க நுனியில் கொஞ்சம் இளக்கம் தேவை. மீன் பாய்ந்ததும் சுண்டிவிடாதீர்கள். தவளை தண்ணீருக்குள் போய் நரம்பில் கனம் தெரியட்டும், அப்புறம் முழு பலத்தோடு சுண்டுங்கள்.

இப்போது ட்ரெபிள் முள். எதிலும் மிச்சம் பிடிக்கலாம், இந்த வகைக்கு மட்டும் தனி ராடு இருந்தே ஆக வேண்டும் என்று நான் நினைப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிராங்க்பெயிட் என்பது மீன் வடிவத்தில் பிளாஸ்டிக்கிலோ பால்சா மரத்திலோ செய்த லூர். முன்னால் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றி இழுத்தால் தலையை ஆட்டிக்கொண்டு கீழே இறங்கும். வயிற்றிலும் வாலிலும் இரண்டு ட்ரெபிள்கள். இந்த முட்கள் மெல்லியவை, சின்னவை, முனை வெளியே இருக்கிறது. ஏற்றுவதற்குப் பலமே வேண்டாம். சிக்கல் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, லூர் ஓடிக்கொண்டே இருக்கும்போது மீன் பின்னாலிருந்து வந்து உறிஞ்சுகிறது. உங்கள் ராடு விறைப்பாக இருந்தால் அதன் வாய் மூடுவதற்குள் லூரை நீங்களே பிடுங்கிவிடுவீர்கள். ராடு இளகிக் கொடுத்தால் லூர் அரை நொடி மீனோடு போகும், வாய்க்குள் ஆழமாக அமரும். இரண்டு, முள் பெரும்பாலும் உதட்டோரத்துத் தோலில்தான் மாட்டியிருக்கும். பாஸ் தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும்போது, கனமான லூரே நெம்புகோலாகி முள்ளைக் கழற்றப் பார்க்கும். அந்த உதறலையெல்லாம் ராடு வளைந்து வாங்கிக்கொள்ள வேண்டும். விறைத்த ராடில் நரம்பு ஒரு கணம் தளரும், மறுகணம் வெட்டி இழுக்கும். அந்த இரண்டாவது வெட்டில் தோல் கிழியும், மீன் போய்விடும்.

அதனால்தான் கிராங்க்பெயிட்டுக்கு மாடரேட் ஆக்‌ஷன். கிராஃபைட் தண்டுகள் 1970-களில் வந்து கண்ணாடியிழை ராடுகளைக் கடைச்சுவரிலிருந்து இறக்கிய பிறகும், இந்த ஒரு வேலைக்குக் கண்ணாடியிழை நிலைத்து நிற்கிறது. பாஸ் பிடிப்பின் பெரிய போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக்கை நான்கு முறை வென்ற ரிக் கிளன், கிராங்க்பெயிட்டுக்குக் கண்ணாடியிழையை விடாமல் பிடித்திருந்தவர். இன்று சுத்தக் கண்ணாடியிழை கனமாகத் தோன்றினால், கிராஃபைட்டும் கண்ணாடியிழையும் கலந்த ராடு கிடைக்கிறது. சதுர நாக்குச் சின்ன கிராங்க்பெயிட்டுக்கு 7 அடி மீடியம் மாடரேட், 12 முதல் 15 பவுண்டு ஃப்ளோரோகார்பன். 20 அடி ஆழம் போகும் பெரியவற்றுக்கு ஏழரை அடிக்கு மேல் மீடியம் ஹெவி மாடரேட், நரம்பு மட்டும் 10 அல்லது 12 பவுண்டு. நரம்பு மெலிந்தால்தான் லூர் ஆழம் இறங்கும். நீளமான ராடும் ஆழத்துக்காகத்தான். லூர் இறங்கவும் திரும்ப ஏறவும் எடுக்கும் தூரம் போக, நடுவில் உள்ள தூரத்தில் மட்டுமே அது முழு ஆழத்தில் ஓடுகிறது. வீச்சு நீண்டால் அந்த நடுப்பகுதி நீளும்.

ஒல்லியான மீன் வடிவ லூரான ஜெர்க்பெயிட்டும் ட்ரெபிள்தான். ஆனால் அதை நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி வெட்டி வெட்டி இழுக்க வேண்டும். நீளமான ராடு தண்ணீரில் இடிக்கும். 6 அடி 8 அல்லது 10 அங்குலம், மீடியம், ரொம்பவும் விறைப்பில்லாத ஃபாஸ்ட். தண்ணீர் மேல் ஓடும் பாப்பர், ஸ்பூக் வகைகளுக்கும் இதுவே பொருந்தும். அவற்றுக்கு ஃப்ளோரோகார்பன் மட்டும் வேண்டாம். அது மூழ்கும் நரம்பு, லூரின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். மோனோ (சாதாரண நைலான் நரம்பு) அல்லது பிரெய்டு கட்டுங்கள்.

தகடு சுழலும் ஸ்பின்னர்பெயிட்டும் தகடு அதிரும் சாட்டர்பெயிட்டும் இரண்டுக்கும் நடுவில். முள் ஒற்றை, பருமன். ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும் லூர். உங்கள் மீடியம் ஹெவி ஃபாஸ்ட் ராடிலேயே வீசலாம், கடித்ததும் அவசரப்படாமல் இருந்தால் போதும். கிராங்க்பெயிட் ராடு மீடியம் ஹெவி மாடரேட்டாக வாங்கினால் அதிலும் வீசலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

மூன்றாவது, மெல்லிய கம்பி முள். தெளிந்த தண்ணீர், மீன் அடிபட்டுப் பழகிய குளம், குளிர்காலம், குளிர்காற்று அலை கடந்துபோன பின் வெயிலடிக்கும் அசையாத நாள் என்று மீன் வாய் திறக்காத எல்லா நேரத்துக்கும் இந்த வகைதான் கைகொடுக்கும். ட்ராப் ஷாட்டில் எடை நரம்பின் அடியில், முள் அதற்கு ஓரடி மேலே. நெட் ரிக்கில் காளான் தலை வைத்த சின்ன ஜிக்கில் கட்டைவிரல் நீளத்துக்குச் சற்று மேலான புழு. வாக்கி ரிக்கில் புழுவின் நடு இடுப்பில் முள்ளைக் குத்தி, எடையே இல்லாமல் மூழ்கவிடுவது. எல்லாம் எட்டில் ஒரு அவுன்ஸ், கால் அவுன்ஸ் எடைகள். பெயிட்காஸ்டரில் (வீசும்போது நரம்புச் சுருளே சுழலும் ரீல்) இதை வீசினால் சுருள் சுழல எடை போதாது. அதனால் ஸ்பின்னிங் ரீல், ஸ்பின்னிங் ராடு. இந்த ராடில் வளையங்கள் கீழ்ப்பக்கம் இருக்கும். ரீலிலிருந்து நரம்பு வட்ட வட்டமாகப் பிரிந்து வருவதால், அதை அடக்கிக் கொடுக்க முதல் வளையம் பெரிதாக இருக்கும். பெயிட்காஸ்டர் ராடில் வளையங்கள் மேலே, சின்னவை, கைப்பிடியின் கீழே விரலுக்கு ஒரு கொம்பு. ஒன்றில் மற்றதன் ரீலைப் பொருத்த முயல வேண்டாம்.

இங்கே 6 அடி 10 அங்குலம் முதல் 7 அடி வரை, மீடியம் அல்லது மீடியம் லைட், ஃபாஸ்ட். ரீலில் 10 பவுண்டு பிரெய்டு, முனையில் 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன். சுண்டவே கூடாது. கடி தெரிந்ததும் ராடை மெல்ல உயர்த்திக்கொண்டே ரீலைச் சுற்றினால் முள் தானாக ஏறும். மெல்லிய முள்ளைப் பலமாகச் சுண்டினால் அது நிமிர்ந்துவிடும், இல்லையென்றால் நரம்பு அறும். டிராகை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடிப்பு) கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். லேக் ஈரி, லேக் செயின்ட் கிளேர் போன்ற வடக்கத்தி ஏரிகளில் ஸ்மால்மவுத் பாஸ் பிடிப்பவர்களின் முக்கிய ஆயுதம் இந்த ராடுதான். டல்லாஸ் குளக்கரையிலும் இதற்கு வேலை நிறைய.

நீளத்தைப் பற்றி உங்கள் நிலைக்கேற்ப ஒரு வார்த்தை. கரையில் மரக்கிளையும் புதரும் நெருக்கமாக இருந்தால் ஏழரை அடி ராடைச் சுழற்ற இடம் கிடைக்காது. கைப்பிடியின் வால் நீளத்தையும் பாருங்கள். முழங்கைக்கு மேலே நீண்டு விலாவில் இடித்தால், ஜெர்க்பெயிட் வெட்டும்போதும் புழுவை ஆட்டும்போதும் ஒரு மணி நேரத்தில் சலிப்பு வந்துவிடும். இரு கைகளால் ஓங்கி வீசும் கிராங்க்பெயிட் ராடுக்கு மட்டும் வால் நீளமாக இருப்பது நல்லது. கடையிலேயே ரீலைப் பொருத்திப் பிடித்துப் பாருங்கள். ரீல் இல்லாத வெறும் ராடின் சமநிலை எதையும் சொல்லாது.

பொருளைப் பற்றிக் கடைக்காரர் ஐஎம்6, ஐஎம்7, ஐஎம்8 என்று எண் சொல்லுவார். அவை ஹெக்செல் என்ற நிறுவனம் தன் கார்பன் இழைகளுக்கு வைத்த வணிகப் பெயர்கள். ராடின் தரத்துக்கான பொது முத்திரை அல்ல. இழை விறைக்க விறைக்கத் தண்டு மெலிதாகும், எடை குறையும், அதிர்வு நன்றாகக் கைக்கு வரும். கூடவே அடி தாங்கும் குணமும் குறையும். உயர்ந்த கிராஃபைட் ராடு முருங்கைக் கிளை போல, வளைவதற்குப் பதில் சட்டென்று முறியும். கண்ணாடியிழை அப்படி இல்லை. அக்லி ஸ்டிக் 1976-இலிருந்து விற்பனையில் இருப்பதற்குக் காரணம் இதுதான். நுட்பமான கடி அதில் தெரியாது, ஆனால் காரில் போட்டு மிதித்தாலும் பெரும்பாலும் பிழைக்கும்.

இதிலிருந்து பணத்தை எங்கே போடுவது என்பதும் தெளிவாகும். தரையில் ஊரும் லூருக்கும் மெல்லிய முள்ளுக்கும் கைக்கு வரும் அதிர்வுதான் எல்லாம். அந்த இரண்டு ராடுக்கும் முடிந்த அளவு நல்லதாக வாங்குங்கள். கிராங்க்பெயிட்டில் கடி ராடையே வளைத்துக் காட்டும், ஃபிராக்கில் கண்ணாலேயே பார்க்கலாம். அவற்றுக்கு விலை குறைந்த ராடே போதும்.

ராடு முறிவது பெரும்பாலும் மீனால் இல்லை. அடிக்கடி நடப்பவை: கார் கதவில் நுனி மாட்டுவது, வீட்டுக்குள் நிமிர்த்தித் தூக்கும்போது மின்விசிறியில் படுவது, லூர் சிக்கிக்கொண்டால் ராடை வளைத்து இழுப்பது. சிக்கினால் ராடை நரம்பின் திசைக்கே நீட்டி, நரம்பைக் கையில் துணி சுற்றிப் பிடித்து இழுங்கள். மீன் காலடிக்கு வந்ததும் ராடைத் தலைக்குப் பின்னால் செங்குத்தாகத் தூக்குவது இன்னொரு தவறு. முழுக் கனமும் மெல்லிய நுனியில் விழும். மறுகையால் தண்டின் நடுவைப் பிடித்து மீனைத் தூக்குவதும் அதேதான். குனிந்து கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடியுங்கள். பாஸுக்கு இருப்பது உப்புத்தாள் போன்ற பல், கடித்துக் காயப்படுத்தாது. ஆனால் ட்ரெபிள் தொங்கும் மீனிடம் விரலைக் கொடுக்காதீர்கள், இடுக்கி வைத்திருங்கள். பெரிய மீனென்றால் உதட்டில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றுக்கடியில் இன்னொரு கையும் கொடுங்கள்.

எதை முதலில் வாங்குவது? உங்கள் குளத்துக்கு நான் சொல்வது 7 அடி மீடியம் ஃபாஸ்ட் ஸ்பின்னிங் ராடு, 2500 அளவு ரீல். நிறையப் பேர் முதல் ராடு பெயிட்காஸ்டர்தான் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயிட்காஸ்டரில் கட்டைவிரலால் சுருளை அடக்கப் பழகும்வரை நரம்பு சிக்கு எடுப்பதிலேயே மாலை போய்விடும். ஸ்பின்னிங்கில் முதல் நாளே வாக்கி ரிக், நெட் ரிக், சின்ன பாப்பர், ஏன் லேசான டெக்சஸ் ரிக்கையும் வீசலாம். குளத்து மீனுக்கு அதுவே பிடித்த தீனி.

கை பழகியதும் 7 அடி மீடியம் ஹெவி ஃபாஸ்ட் பெயிட்காஸ்டர். அதற்கு 7:1 சுற்றுவிகிதம் (கைப்பிடி ஒரு சுற்றுக்குச் சுருள் ஏழு சுற்று) உள்ள வேகமான ரீல். லேக் ஃபோர்க்குக்கு இது இல்லாமல் போக வேண்டாம். அது 1980-இல் அணைகட்டி உருவான ஏரி. தண்ணீருக்குள் நின்றுபோன மரங்கள் இன்னும் இருக்கின்றன. மெல்லிய நரம்பை அங்கே மரம் தின்றுவிடும். 1992-இல் பிடித்து இன்றும் டெக்சஸ் சாதனையாக நிற்கும் 18.18 பவுண்டு பாஸ் அந்த ஏரியில் வந்ததுதான். மூன்றாவதாக மாடரேட் ராடு, அதற்கு 6:1-ஐ ஒட்டிய மெதுவான ரீல். நான்காவதாக ஃபிராக் ராடு, பாசி படரும் மே மாதத்துக்கு முன்னால். இந்த நான்கோடு நிறுத்திக்கொண்டால் பாஸ் பிடிப்பில் நீங்கள் செய்ய முடியாதது மிகக் குறைவு.

லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். டெக்சஸில் ஆண்டுக்கணக்கு செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. ஸ்டேட் பார்க்குகளுக்குள் கரையிலிருந்து பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை, பெயிட்காஸ்டர் பழக அது நல்ல இடம். சாதாரணமாக லார்ஜ்மவுத் பாஸ் 14 அங்குலத்துக்குக் குறைந்தால் விட வேண்டும், ஒரு நாளைக்கு 5 வரை வைத்துக்கொள்ளலாம். லேக் ஃபோர்க்கில் விதி வேறு: 16 முதல் 24 அங்குலத்துக்குள் வரும் மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். கிளம்பும் முன் டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் தளத்தில் அந்த ஏரிக்கான விதியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அளவுப்பலகை ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.